பிட் புல் நாய்களின் குணவியல்பு குறித்த சர்ச்சை

பிட் புல் என்பது தனியொரு நாயினத்தின் பெயர் அன்று. 19 ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியாவில் புல்டாக், டெரியர் ஆகிய இருவகை நாய்களின் கலப்பால் தோன்றி, பின்னர் ஐக்கிய அமெரிக்காவில் பெருகிய சில நாயினங்களையும் அவற்றின் கலப்பினங்களையும் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். இந்நாய்கள் குழந்தைகள் உள்ள வீட்டில் வளர்க்கத் தக்கவையா என்பது 1980களில் இருந்து பல நாடுகளில் விவாதிக்கப்பட்டு வருகின்றது. ஒரு சாரார் இவை பிறவியிலேயே கொடியவை என்கின்றனர். மறு சாரார் இவை குழந்தைகளைப் பேணும் செவிலி நாய்கள் என்கின்றனர். கிடைக்கும் ஆய்வுகள் இவ்விரு கூற்றுகளில் எதனையும் முழுமையாக ஆதரிக்கவில்லை. இனப்பெயரைக் கொண்டு ஒரு நாயின் குணத்தை முன்கூட்டியே கூறுவது கடினம் என்பதையும், வலிமை மிக்க நாய் ஒன்று தாக்கினால் விளையும் தீங்கு பெரிது என்பதையும் அவை ஒருங்கே காட்டுகின்றன.

பெயரும் வகைகளும்

பிட் புல் என்ற பெயரின் கீழ் பொதுவாகப் பின்வரும் இனங்கள் அடக்கப்படுகின்றன:

- அமெரிக்கன் பிட் புல் டெரியர்: 1898 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட யுனைடெட் கென்னல் கிளப் முதன்முதலாகப் பதிவு செய்த இனம். வளர்ந்த நாய் ஏறத்தாழ 14 முதல் 27 கிலோகிராம் வரை எடை கொண்டது.
- அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்சயர் டெரியர்: 1936 ஆம் ஆண்டில் ஸ்டாஃபர்ட்சயர் டெரியர் என்ற பெயரில் அமெரிக்கன் கென்னல் கிளப்பால் ஏற்கப்பட்டது. 1972 ஆம் ஆண்டில் இப்போதைய பெயரைப் பெற்றது.
- ஸ்டாஃபர்ட்சயர் புல் டெரியர்: உருவில் சிறிய பிரித்தானிய இனம். 1935 ஆம் ஆண்டில் அந்நாட்டின் கென்னல் கிளப்பால் ஏற்கப்பட்டது.
- அமெரிக்கன் புல்லி: மேற்கூறிய இனங்களில் இருந்து அண்மைக் காலத்தில் உருவாக்கப்பட்ட, அகன்ற உடலமைப்புக் கொண்ட இனம். 2013 ஆம் ஆண்டில் யுனைடெட் கென்னல் கிளப் இதனை ஏற்றது. இதன் மிகப் பெரிய வகை எக்ஸ்எல் புல்லி எனப்படுகின்றது.

அமெரிக்கன் கென்னல் கிளப் இன்றுவரை அமெரிக்கன் பிட் புல் டெரியரைத் தனி இனமாக ஏற்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஆகவே ஒரு சங்கம் ஒரு பெயரிலும், மற்றொரு சங்கம் வேறு பெயரிலும் ஒத்த நாய்களைப் பதிவு செய்கின்றன. சட்டங்களும் செய்தித்தாள்களும் இவையனைத்தையும், இவற்றைப் போன்ற தோற்றமுடைய கலப்பின நாய்களையும் ஒரே பெயரால் குறிப்பிடுகின்றன. இச்சர்ச்சையில் எழும் குழப்பங்களுள் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்குகின்றன.

வரலாறு

கட்டப்பட்ட காளையின் மீது நாய்களை ஏவிவிட்டு வேடிக்கை பார்ப்பது முற்காலத்தில் இங்கிலாந்தில் பரவலான பொழுதுபோக்காக இருந்தது. 1835 ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட விலங்கு வதைச் சட்டம் இதனைத் தடை செய்தது. திறந்த வெளியில் காளையை மறைத்து வைக்க இயலாது. இரண்டு நாய்களை ஒரு நிலவறையில் மோத விடுவது எளிது. எனவே சூதாட்டம் நாய்ச் சண்டைக்கும், குழியில் விடப்பட்ட எலிகளை நாய் எத்தனை விரைவாகக் கொல்கிறது என்ற போட்டிக்கும் இடம் மாறியது. ஆங்கிலத்தில் பிட் என்பதற்குக் குழி என்று பொருள். பிட் புல் என்ற பெயரின் முற்பகுதி இதிலிருந்து வந்ததாகும்.

புல்டாக்கின் வலிமையையும் டெரியரின் விரைவையும் சேர்ப்பதற்காகவே இவ்விரு நாய்களும் கலக்கப்பட்டன. வலியைப் பொருட்படுத்தாது, பின்வாங்காது போரிடும் தன்மையே வளர்ப்போரால் முதன்மையாக விரும்பப்பட்டது. சண்டையின் நடுவே நாய்களைப் பிரித்தெடுக்க ஆட்கள் குழிக்குள் இறங்க வேண்டியிருந்ததால், மனிதரைக் கடிக்கும் நாய்கள் விலக்கப்பட்டன என்றும், அதனால் இவ்வினம் மனிதரிடம் மென்மையானது என்றும் பலரால் கூறப்படுகின்றது. இதில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் இவ்வழக்கம் எல்லா இடங்களிலும் சீராகப் பின்பற்றப்படவில்லை; மனிதரைக் கடித்த நாய்களும் சண்டையில் வென்றமையால் இனவிருத்திக்குப் பயன்படுத்தப்பட்டன. மேலும், இன்று வீடுகளில் உள்ள பிட் புல் நாய்களுள் பெரும்பாலானவை பல தலைமுறைகளாகச் சண்டைக்குத் தெரிவு செய்யப்படாதவை. எனவே அக்காலத் தெரிவின் நன்மையும் தீமையும் இன்றைய நாயில் எந்த அளவு எஞ்சியுள்ளன என்பது நாய்க்கு நாய் வேறுபடும்.

பொதுக் கருத்தில் ஏற்பட்ட மாற்றம்

20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் இவ்வகை நாய்களுக்கு நல்ல பெயர் இருந்தது. முதலாம் உலகப் போர்க் காலச் சுவரொட்டி ஒன்றில் பிற நாடுகள் பிற நாயினங்களாக வரையப்பட்டபோது, ஐக்கிய அமெரிக்கா இவ்வகை நாயாகவே வரையப்பட்டது. குழந்தைகளைக் கதைமாந்தராகக் கொண்ட "அவர் கேங்" நகைச்சுவைத் திரைப்படத் தொடரில் தோன்றிய பீட்டி என்ற நாயும் இவ்வகையைச் சேர்ந்ததே.

1980களில் நிலைமை மாறியது. சட்டவிரோத நாய்ச் சண்டைகள், போதைப்பொருள் விற்போர் தம் வலிமையைக் காட்ட இந்நாய்களை வைத்திருந்தமை, சில கொடிய தாக்குதல்கள் ஆகியவை தொடர்ந்து செய்தியாகின. 1987 சூலையில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் பற்களைக் காட்டிச் சீறும் பிட் புல்லின் படத்தை அட்டையில் வெளியிட்டது. அச்சமூட்டும் நாய் என்ற பெயரே அத்தகைய நாயை விரும்புவோரை இவ்வினத்தின்பால் ஈர்த்தது. அவர்கள் அவற்றைச் சங்கிலியில் கட்டி, சினமூட்டி வளர்த்தனர். அதன் விளைவான தாக்குதல்கள் அப்பெயரை மேலும் உறுதிப்படுத்தின. இதற்கு முன்னரும் பிளட்ஹவுண்ட், ஜெர்மன் ஷெப்பர்ட், டோபர்மேன் ஆகிய இனங்கள் வெவ்வேறு காலங்களில் இத்தகைய பெயரைத் தாங்கியுள்ளன.

குணவியல்பு பற்றிய ஆய்வுகள்

நாயின் சினம் ஒரே பண்பு அன்று. வீட்டாரிடம், அந்நியரிடம், பிற நாய்களிடம் காட்டும் சினம் ஆகிய மூன்றும் வேறுபட்டவை. ஒன்று மிகுந்திருந்தால் மற்றவையும் மிகுந்திருக்கும் என்பதில்லை. நாய் வளர்ப்போரிடம் பெற்ற விடைகளைக் கொண்டு 2008 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், மனிதரிடம் காட்டும் சினத்தில் டாக்ஸ்ஹண்ட், சிவாவா போன்ற சிறிய நாய்களே முன்னணியில் இருந்தன. ஆனால் அறிமுகமில்லாத பிற நாய்களிடம் கடுஞ்சினம் காட்டுவதாகக் கூறப்பட்டவை பிட் புல், அக்கிட்டா, ஜாக் ரஸ்ஸல் டெரியர் ஆகிய இனங்களில் 20 விழுக்காட்டிற்கும் மேல் இருந்தன. பிட் புல் வளர்ப்போர் பலரின் பட்டறிவும் இதனோடு ஒத்துப்போகின்றது. குட்டியாக இருக்கையில் எல்லா நாய்களுடனும் விளையாடிய ஒன்று, ஓராண்டு முதல் மூன்றாண்டு வயதிற்குள் முதிர்ச்சி அடைகையில் பிற நாய்களைச் சகிக்காமல் போவது உண்டு.

2022 ஆம் ஆண்டில் சயன்ஸ் ஆய்விதழில் வெளியான ஆய்வு 18,000 இற்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய விடைகளையும், 2,000 இற்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுத் தொகுதியையும் ஆராய்ந்தது. தனி நாய்களின் நடத்தையில் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டையே இனம் விளக்குகின்றது என்பது அதன் முடிவு. எளிதில் சினமூட்டப்படும் தன்மையை இனத்தைக் கொண்டு அறிவது குறிப்பாகக் கடினமாக இருந்தது. மரபுக்குப் பங்கில்லை என்பது இதன் பொருளன்று. பெற்றோர் நாய்களின் குணம் குட்டிகளுக்குச் செல்லலாம். ஆனால் ஓர் இனத்தின் எல்லா நாய்களும் அக்குணத்தைப் பெற்றிருக்கும் என எதிர்பார்க்க இயலாது.

சினம் எத்தனை முறை எழுகிறது என்பது ஒன்று. எழுந்தால் என்ன நேரும் என்பது வேறு. 2011 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரைச் சேர்ந்த அறுவை மருத்துவர்கள், 15 ஆண்டுகளில் நாய்க்கடிக்காகச் சேர்க்கப்பட்ட 228 பேரின் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்டனர். நாயின் இனம் பதிவாகியிருந்த 82 பேரில் 29 பேரைத் தாக்கியவை பிட் புல் எனக் குறிக்கப்பட்டிருந்தன. பிற நாய்களின் கடியை விட அவற்றின் கடியால் ஏற்பட்ட காயங்கள் கடுமையானவை என்று அவர்கள் முடிவு செய்தனர். சிவாவா ஒருவரைப் பலமுறை கடித்தாலும் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வீடு திரும்பலாம். 25 கிலோகிராம் தசைவலிமை கொண்ட நாய் கடித்து, விடாது உலுக்கினால் ஒரே முறையில் குழந்தையின் உயிர் போகலாம். இவ்வேறுபாட்டைக் குணம் பற்றிய கருத்துக்கணிப்புகள் காட்டுவதில்லை.

உயிரிழப்புப் புள்ளிவிவரங்கள்

ஐக்கிய அமெரிக்காவில் 2011 முதல் 2021 வரையான காலத்தில் நாய்த் தாக்குதலால் ஆண்டுக்குச் சராசரியாக 43 பேர் உயிரிழந்தனர். 1979 முதல் 1998 வரை அந்நாட்டில் நிகழ்ந்த இத்தகைய உயிரிழப்புகளை ஆராய்ந்து 2000 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கட்டுரை, இனம் அறியப்பட்ட 238 இறப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் பிட் புல் வகை நாய்களோ ராட்வைலர் நாய்களோ தொடர்புற்றிருந்தன எனக் கூறியது. பிட் புல் வகைக்கு எதிரான வாதங்களில் இன்றும் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது இதுவே. ஆனால் குறைந்தது 25 இனங்கள் அப்பட்டியலில் இருந்ததையும், ஒவ்வோர் இனத்திலும் மொத்தம் எத்தனை நாய்கள் உள்ளன என்பது தெரியாத நிலையில் இனவாரியான அபாயத்தைக் கணக்கிட இயலாது என்பதையும் அக்கட்டுரையாளர்களே சுட்டிக்காட்டினர். எடுத்துக்காட்டாக, ஓர் ஊரில் ஓர் இன நாய்கள் 10 பேரையும் மற்றோர் இன நாய்கள் 5 பேரையும் கடித்தன எனக் கொள்வோம். முதல் இனத்தில் 1,000 நாய்களும் இரண்டாவதில் 100 நாய்களும் இருந்தால், இரண்டாவது இனமே ஐந்து மடங்கு அபாயமானது.

2000 முதல் 2009 வரை நிகழ்ந்த 256 உயிரிழப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்த மற்றொரு கட்டுரை 2013 ஆம் ஆண்டில் வெளியானது. அது இனத்தை விட்டுச் சூழலை நோக்கியது. அதில் கண்டறியப்பட்ட முதன்மைக் காரணிகள்:

- தடுக்கக்கூடிய வலிமையுடைய ஒருவர் அருகில் இல்லாமை: 87.1 விழுக்காடு
- இறந்தவருக்கும் நாய்க்கும் நெருங்கிய பழக்கம் இல்லாமை: 85.2 விழுக்காடு
- நாய்க்குக் கருத்தடை செய்யாமை: 84.4 விழுக்காடு
- வயதாலோ உடல்நிலையாலோ இறந்தவர் தம்மைக் காத்துக்கொள்ள இயலாமை: 77.4 விழுக்காடு
- குடும்பத்தாருடன் பழகவிடாது, தனியே கட்டியோ அடைத்தோ நாயை வளர்த்தல்: 76.2 விழுக்காடு

முன்னரே நாயைத் தவறாகக் கையாண்டமை, வதைத்தல் அல்லது பராமரியாமை ஆகியவற்றையும் சேர்த்து, இக்காரணிகளுள் நான்கோ அதற்கு மேற்பட்டவையோ 80.5 விழுக்காட்டு இறப்புகளில் ஒருங்கே காணப்பட்டன. நாயின் இனத்தை நம்பத்தகுந்த முறையில் உறுதி செய்ய முடிந்தது 17.6 விழுக்காட்டு இறப்புகளில் மட்டுமே.

இனத்தை அறிவதில் உள்ள சிக்கல்

கலப்பின நாயின் இனத்தைக் கண்ணால் கண்டு கூறுவது துறைசார்ந்தோருக்கும் கடினம். புளோரிடாவில் நான்கு விலங்குக் காப்பகங்களில் இருந்த 120 நாய்களைப் பற்றிய ஆய்வு 2015 ஆம் ஆண்டில் வெளியானது. கால்நடை மருத்துவர்கள் உட்படக் காப்பக ஊழியர் 16 பேர் கூறிய இனம் மரபணுச் சோதனையுடன் ஒப்பிடப்பட்டது. பிட் புல் மரபு சிறிதும் இல்லாத நாய்களில் மூன்றில் ஒன்று, ஊழியருள் ஒருவராலேனும் பிட் புல் எனக் கூறப்பட்டது. மறுபுறம், அம்மரபு உண்மையில் இருந்த நாய்களில் ஐந்தில் ஒன்றை ஒருவரும் அடையாளம் காணவில்லை.

இது வெறும் பெயர்க் குழப்பம் அன்று. 2016 ஆம் ஆண்டு ஆய்வொன்றின்படி, காப்பகத்தில் பிட் புல் எனப் பெயரிடப்பட்ட நாய்கள், அவற்றைப் போலவே தோன்றி வேறு பெயரிடப்பட்ட நாய்களை விட மும்மடங்கிற்கும் மேலான காலம் தத்தெடுப்போருக்காகக் காத்திருந்தன. கூண்டின் மேல் உள்ள அட்டையில் இருந்து இனப்பெயரை நீக்கிய காப்பகத்தில் அவை தத்தெடுக்கப்படுவது கூடியது. இடமில்லாத காப்பகங்களில் நீண்ட காத்திருப்பு பெரும்பாலும் கருணைக்கொலையில் முடிகின்றது.

தவறான நம்பிக்கைகள்

- பூட்டிக்கொள்ளும் தாடை: பிட் புல் கடித்தால் அதன் தாடை பூட்டிக்கொள்ளும் என்பது தவறு. அதற்கான உறுப்பு எதுவும் அதன் தாடையில் இல்லை. விடாப்பிடியாகக் கடித்திருப்பது நடத்தை சார்ந்ததே தவிர உடற்கூறு சார்ந்தது அன்று.
- செவிலி நாய்: விக்டோரியா காலத்தில் இந்நாய்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்டன என்பதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. ஸ்டாஃபர்ட்சயர் புல் டெரியரைப் பற்றி 1971 ஆம் ஆண்டில் வெளியான நியூயார்க் டைம்ஸ் கட்டுரை ஒன்றின் வழியாகவே இக்கதை பரவியது. இந்நாய்களுக்காகப் பரிந்து பேசுவோருள் சிலர் பின்னாளில் இதனைக் கைவிட்டனர். குழந்தையை நாயிடம் தனியே விட இது பெற்றோரைத் தூண்டும் என்பதே காரணம்.
- வளர்ப்பு மட்டுமே எல்லாம்: நாயின் குணம் முழுதும் வளர்ப்பவர் கையில் உள்ளது என்பதும் முழு உண்மை அன்று. மரபும், குட்டிப் பருவத்தின் முதல் சில மாதங்களும், நோயும் வலியும் கூட நாயின் நடத்தையை மாற்றும். அன்பாக வளர்க்கப்பட்ட நாய்களும் கடித்துள்ளன.

மைக்கேல் விக் வழக்கு

2007 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக்கிற்குச் சொந்தமான வர்ஜீனியா மாநில வீடொன்றில் நாய்ச் சண்டை நடத்தப்பட்டது கண்டுபிடிக்கப்பட்டது. அவருக்கு 23 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சண்டை நாய்களை மாற்ற இயலாது எனக் கருதி அவற்றைக் கொல்வதே அதுவரை வழக்கமாக இருந்தது. இவ்வழக்கில் நீதிமன்றம் மீட்கப்பட்ட ஏறத்தாழ ஐம்பது நாய்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கச் செய்தது. பெரும்பாலானவை உயிருடன் விடப்பட்டு விலங்குநல அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டன. இவற்றுள் பல மனிதரைக் கண்டு சீறவில்லை; அஞ்சி ஒடுங்கின. சில பின்னர் குழந்தைகள் உள்ள வீடுகளில் வாழ்ந்தன. சில பிற நாய்களுடன் விட முடியாதவையாகக் கடைசிவரை காப்பகத்திலேயே இருந்தன. ஒரே இடத்தில் ஒரே நோக்கிற்காக வளர்க்கப்பட்ட நாய்களிடையே கூடக் குணம் இவ்வளவு வேறுபட்டதை இவ்வழக்கு காட்டியது.

இனம் சார்ந்த சட்டங்கள்

ஐக்கிய இராச்சியம்: சிறுவர் உள்ளிட்டோர் மீதான தாக்குதல்களைத் தொடர்ந்து 1991 ஆம் ஆண்டில் அபாயகரமான நாய்கள் சட்டம் கொண்டுவரப்பட்டது. பிட் புல் டெரியர் உட்பட நான்கு வகை நாய்கள் தடை செய்யப்பட்டன. நாயின் நடத்தை அன்றி அதன் உடல் அளவுகளே வகையைத் தீர்மானித்தன. தம் நாய் அவ்வகை அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. தடைக்குப் பின்னரும் உயிரிழப்புகள் நின்றுவிடவில்லை. பிட் புல் வழியில் வந்தபோதும் அச்சட்டத்தின் அளவுகளுக்குள் அடங்காத எக்ஸ்எல் புல்லி பின்னாளில் அந்நாட்டில் பெருகியது. பல உயிரிழப்புகளுக்குப் பின் 2024 பெப்ரவரி 1 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் விலக்குச் சான்றிதழ் இன்றி அதனை வைத்திருப்பது குற்றமாக்கப்பட்டது. 50,000 இற்கும் மேற்பட்ட நாய்களுக்கு விலக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டமை அவை எத்தனை பெருகியிருந்தன என்பதற்குச் சான்றாகும்.

நெதர்லாந்து: 1993 ஆம் ஆண்டில் விதித்த தடையை, நாய்க்கடிகள் குறையவில்லை என்ற காரணத்தால் 2008 ஆம் ஆண்டில் கைவிட முடிவு செய்தது.

வட அமெரிக்கா: கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2005 ஆம் ஆண்டில் பிட் புல் நாய்களைத் தடை செய்தது. அதே நாட்டின் கால்கரி நகரம் இனத்தைத் தடை செய்யாது, எல்லா நாய்களுக்கும் கட்டாய உரிமம், உரிமையாளருக்குக் கடும் தண்டம் என்ற வழியைக் கைக்கொண்டது. ஐக்கிய அமெரிக்காவின் டென்வர் நகரில் 1989 முதல் இருந்த தடையை 2020 ஆம் ஆண்டில் வாக்காளர்கள் நீக்கி, அனுமதிச்சீட்டு முறைக்கு மாற்றினர். மயாமி-டேட் மாவட்டத்தில் 1989 முதல் இருந்த தடை 2023 ஆம் ஆண்டில் மாநிலச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது.

இந்தியா: 2022 சூலையில் லக்னோ நகரில் வீட்டில் வளர்க்கப்பட்ட பிட் புல் அவ்வீட்டின் முதிய பெண்மணியைக் கடித்துக் கொன்றது நாடெங்கும் பேசப்பட்டது. 2024 மார்ச்சில் நடுவண் அரசின் கால்நடை பராமரிப்புத் துறை, பிட் புல், ராட்வைலர் உள்ளிட்ட 23 வகை நாய்களுக்கு உரிமம் வழங்க வேண்டாம் எனவும், ஏற்கனவே வளர்க்கப்படுபவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் எனவும் மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. உரியோரைக் கலந்தாலோசிக்காது வெளியிடப்பட்டது எனக் கூறி கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் இதனை நீக்கியது. கலந்தாலோசித்து மீண்டும் வெளியிடத் தடை இல்லை என்றும் கூறியது. 2025 திசம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் பிட் புல், ராட்வைலர் ஆகியவற்றுக்குப் புதிய உரிமம் வழங்குவதில்லை எனத் தீர்மானித்தது.

தடையை ஆதரிப்போர், கடித்த பின் உரிமையாளரைத் தண்டிப்பது இறந்த குழந்தையை மீட்டுத் தராது என்கின்றனர். எதிர்ப்போர், ஒரு பெயரைத் தடை செய்தால் வலிமையான நாயை விரும்புவோர் அடுத்த இனத்திற்கு மாறுவர் என்கின்றனர். ஐக்கிய இராச்சியத்தின் பட்டறிவு இரு வாதங்களுக்கும் இடமளிக்கின்றது.

வீட்டில் வளர்ப்போர் கருத வேண்டியவை

கால்நடை மருத்துவர்களும் நாய்ப் பயிற்சியாளர்களும் பொதுவாகக் கூறும் அறிவுரைகள் வருமாறு. இவை வலிமையான எந்த நாய்க்கும் பொருந்தும்.

- இனப்பெயரை நம்பாது அந்த நாயை அறிதல்: குட்டியாயின் தாய் நாயை நேரில் கண்டு அதன் நடத்தையைப் பார்க்க வேண்டும். வளர்ந்த நாயாயின் குழந்தைகளுடனும் பிற நாய்களுடனும் அது முன்பு எவ்வாறு பழகியது எனக் கேட்டறிய வேண்டும்.
- குட்டியை மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பதினான்காம் வாரம் வரையான பருவத்தில் பலவகை மனிதர், ஒலி, இடங்களுக்குப் பழக்குதல்.
- கருத்தடை செய்தல். சங்கிலியில் கட்டி வைக்காது வீட்டாருடன் வாழ விடுதல்.
- பொது இடங்களில் கயிற்றில் பிடித்துச் செல்லுதல். முன்கூட்டியே வாய்மூடி அணியப் பழக்குதல்.
- நாய் உண்ணும்போதும் உறங்கும்போதும் குழந்தைகளை விலக்கி வைத்தல். உடல் விறைத்தல், பார்வையைத் திருப்புதல், உதடு நக்குதல், உறுமுதல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். உறுமும் நாயை அடித்தால் அது அடுத்த முறை உறுமாமலே கடிக்கக்கூடும்.
- சிறு குழந்தையை எந்த நாயுடனும், எவ்வளவு சாதுவான நாயாக இருப்பினும், பெரியவர் துணையின்றி விடாதிருத்தல்.

இவற்றுள் கடைசி அறிவுரையே உயிரிழப்புகளைப் பற்றிய ஆய்வுகளோடு மிக நெருங்கிய தொடர்புடையது. மேற்குறிப்பிட்ட 256 இறப்புகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதில், நாயைத் தடுக்கக்கூடிய ஒருவர் அருகில் இல்லை.